உடைந்த ஊசியின் தேதி

பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களில் உடைந்த ஊசிக்கென்று தனியாக ஒரு பதிவேடு உண்டு. தையல் ஊசி உடைந்தால் அதன் துண்டுகளை எல்லாம் தேடிப் பொறுக்கி, ஒன்றாகச் சேர்த்து முழு ஊசியாகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் டேப்பால் ஒட்டி, தேதி, நேரம், மெஷின் எண், டைலரின் பெயர் எல்லாம் எழுதிய பிறகுதான் ஸ்டோரில் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியுள்ள பீஸ்கள் அத்தனையும் மெட்டல் டிடெக்டருக்குப் போகும். கைக்குழந்தையின் உடுப்பில் ஊசி முனை போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அந்தப் பதிவேட்டில் மட்டும் யாரும் விளையாடுவதில்லை. திருப்பூரில் நான் கையாண்ட பதிவேடுகளில் பொய் கலவாதது அது ஒன்றுதான். 2013 பிப்ரவரியில் எங்களைக் காட்டிக்கொடுத்ததும் அதுதான்.

வேலை நேரமும் கூலியும் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்க்க அன்று வந்த ஆடிட்டர் சென்னையைச் சேர்ந்த நடுவயதுப் பெண்மணி. காலை முழுவதும், வந்துபோன நேரம் பதியும் பஞ்சிங் அட்டைகளையும் சம்பளப் பதிவேட்டையும் பார்த்தார். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின, பொருந்தும்படி எழுதியவள் நான்தானே. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நேராக ஸ்டோருக்குப் போய் ஊசிப் பதிவேட்டைக் கேட்டார். நாலைந்து பக்கங்களைப் புரட்டியவர் ஓரிடத்தில் நிறுத்தி, "மேடம், பிப்ரவரி 17 என்ன கிழமைங்க?" என்றார். ஞாயிறு என்று எனக்கு நன்றாகத் தெரியும். "அன்னிக்கு லீவுன்னு அட்டை சொல்லுது. மூணாவது லைன்ல சாயங்காலம் நாலு இருபதுக்கு ஊசி உடைஞ்சிருக்கு. ஆளில்லாத ஹால்ல மெஷின் தானா ஓடுச்சா?" குரலை அவர் உயர்த்தவே இல்லை. டேப்புக்கு அடியில் மூன்று துண்டுகள் வரிசையாக மினுங்கிக்கொண்டிருந்தன.

நான் கோவையில் சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு 2009-இல் அந்த நிறுவனத்தில் சேர்ந்தவள். ஏறத்தாழ 400 பேர் வேலை செய்த, ஐரோப்பியப் பையர்கள், அதாவது ஆடை வாங்கும் நிறுவனங்கள், நான்கைந்து பேருக்குக் குழந்தைகள் ஆடை தைத்து அனுப்பிய நடுத்தரமான கம்பெனி அது. அடையாள அட்டையில் மனிதவள அலுவலர் என்று இருந்தது. செய்த வேலை ஆடிட்டுக்குக் கம்பெனியைத் தயார் செய்வது. காலை 8:30 முதல் மாலை 5:30 வரை ஒரு ஷிப்ட், இரவு ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை மாலை கையில் சம்பளம் என்பதுதான் உண்மையில் நடந்த கணக்கு. அந்த அரை ஷிப்டுக்குச் சட்டப்படி தரவேண்டிய இரட்டைக் கூலி தரப்படவில்லை. ஆடிட்டருக்குக் காட்டிய கணக்கில் அரை ஷிப்டும் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வேலையும் கிடையாது. தொழிலாளிகளிடம் என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் ஒரு மணி நேரம் வகுப்பே எடுப்பேன். அன்றைக்கு மட்டும் குடிநீர் கேன்களுக்குப் பக்கத்தில் டம்ளர்கள் இருக்கும். அதைப் பார்த்தே டைலர்களுக்கு உதவும் கைமடிப் பிள்ளைகள், "இன்னிக்கு யாரோ வர்றாங்க" என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

அறிக்கையில் எங்களுக்குக் கிடைத்தது மிகக் கீழான மதிப்பீடு. வேலை நேரம் கூடுதல் என்பதைவிடப் பதிவுகளை மறைத்தோம் என்பதுதான் பெரிய குற்றமாக எழுதப்பட்டிருந்தது. பையர் அடுத்த சீசன் ஆர்டரைப் பாதியாகக் குறைத்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் ஒரு பீஸுக்கு ஆகும் செலவை எழுதிய காஸ்டிங் ஷீட்டை மேசையில் விரித்து வைத்திருந்தார். "ஏம்மா, நீயே பாரு. நூல் வெல மில்லுக்காரன் கையில. சாயக் கூலி பட்டறைக்காரன் கையில. ஜிப்பும் லேபிளும் பையர் சொன்ன எடத்துலதான் வாங்கோணும். பேரம் பேசி எறக்கறதுக்கு இதுல என்ன மிச்சமிருக்குது?" என்று தையல் கூலி என்ற வரியின்மேல் விரலை வைத்தார். நான் செய்த பொய்க்கு அது சமாதானம் ஆகாது. ஆனாலும் அந்த ஷீட்டை அதற்கு முன் ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான்கு ஆண்டுகளாக வேலை நேரத்தைப் பற்றி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தவள், வேலை நேரம் எங்கே தீர்மானமாகிறது என்று தெரியாமலே இருந்திருக்கிறேன்.

அந்த ஞாயிறு எப்படி வந்தது என்று பின்னோக்கிக் கணக்குப் பார்த்தேன். நொய்யலில் சாயக்கழிவு கலந்து, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே கழிவுநீர்க் குட்டையாக மாறிப்போன கதை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. கழிவுநீரில் ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாது என்ற உத்தரவு நிறைவேறவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நியாயமான உத்தரவு, கீழ்மடை விவசாயிகள் அதற்காகப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினார்கள். சுத்திகரிப்பு நிலையங்களைச் சீரமைத்துப் பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தபோது சாயக் கூலி ஏறியிருந்தது, துணி வர ஆகும் நாட்களும் கூடியிருந்தன. எங்கள் பையர்கள் அனைவரும் கழிவு வெளியேற்றாத பட்டறைக்குரிய சான்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஆனால் பீஸ் விலையும் கப்பல் தேதியும் பழையபடியேதான் இருந்தன. துணி பன்னிரண்டு நாள் தாமதமாக வந்தால், கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பும் செலவை நாங்கள் ஏற்க வேண்டும், அல்லது அந்தப் பன்னிரண்டு நாளை டைலர்களின் இரவிலிருந்தும் ஞாயிற்றிலிருந்தும் எடுக்க வேண்டும். நதியைச் சுத்தமாக்கிய செலவில் ஒரு பங்கை மூன்றாவது லைன் டைலர்கள் கொடுத்திருக்கிறார்கள் என்று எந்த அறிக்கையிலும் வராது.

அதற்குப் பிறகு இரண்டு காரியங்கள் செய்தேன். இன்றைக்குப் புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் இவற்றைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்று, 'தாமத நோட்டு'. நிறத்துக்கு ஒப்புதல் கேட்டு மாதிரித் துணி அனுப்பிய தேதி, பதில் வந்த தேதி, முதல் சாம்பிளுக்கு ஒப்புதல் வந்த தேதி, பையர் குறிப்பிட்ட கடையிலிருந்து லேபிள் வந்து சேர்ந்த தேதி, நடுவில் அளவு மாற்றச் சொன்ன தேதி ஆகியவற்றை ஆர்டர்வாரியாக ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உரிய மின்னஞ்சலைப் பிரதி எடுத்து ஒட்டுவது. வேலை நேரம் கூடிய வாரத்தையும் இந்த நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காரணம் தானாகத் தெரியும். சில சமயம் காரணம் நாங்களே. கட்டிங்கில் அளவு தப்பிப்போய் இரண்டு நாள் வீணானதையும் அதே நோட்டில் எழுதினேன். நம் பிழையையும் எழுதினால்தான் எதிராளியின் பிழை எடுபடும். முதல் தடவை இதைப் பையர் சார்பில் ஆர்டர் கொடுக்கும் பையிங் ஆபீஸ் ஒன்றில் காட்டியபோது, அங்கே ஆர்டரைக் கவனித்த மெர்ச்சண்டைசருக்கு முகம் சுருங்கியது, ஆனால் அந்த ஆர்டருக்குப் பத்து நாள் கூடுதலாகக் கிடைத்தது.

இரண்டாவது, சட்டத்தை முழுதாகப் படிப்பது. அப்போது எங்களுக்குப் பொருந்திய 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஞாயிற்றுக்கிழமை வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு தடுக்கவில்லை. முன்னும் பின்னுமுள்ள மூன்று நாட்களுக்குள் ஒரு நாள் முழு விடுமுறை கொடுத்து, ஆய்வாளர் அலுவலகத்துக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தந்து, கம்பெனியிலும் அதை ஒட்டி, தொடர்ந்து பத்து நாளுக்குமேல் யாரும் விடுப்பின்றி வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு தாளில் முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு நாங்கள் 400 போலி அட்டைகள் எழுதியிருக்கிறோம். 'ஆடிட்டென்றால் மறைப்பது' என்ற பழக்கம் ஊறிப்போன இடத்தில், எதை மறைக்கத் தேவையில்லை என்று யாரும் பார்ப்பதே இல்லை.

எங்கள் ஊசி விவகாரம் நடந்து இரண்டே மாதத்தில், 2013 ஏப்ரல் 24 அன்று, டாக்காவுக்கு அருகே சவாரில் ராணா பிளாசா இடிந்து விழுந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டு, கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கு மட்டும் தொழிலாளிகளை மறுநாள் வரச்சொல்லியிருந்தார்கள். அங்கே இருந்த தொழிற்சாலைகளில் சமூகத் தணிக்கை முடித்தவையும் உண்டு. அதற்கு ஏழு மாதம் முன்பு, 2012 செப்டம்பரில், கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் தொழிற்சாலைத் தீயில் 250-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வெளியேறும் கதவுகள் பூட்டிக் கிடந்தன, ஜன்னல்களில் கம்பி அடித்திருந்தது. அந்தத் தொழிற்சாலை, தொழிலாளர் நிலை நன்றாக இருக்கிறது என்பதற்கான எஸ்.ஏ. 8000 சான்று பெற்றுச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. எங்கள் கம்பெனியிலும் அதே தரத்தின் போஸ்டர் வரவேற்பறையில் மாட்டியிருந்தது. அந்தச் சான்றை வாங்க என்னென்ன செய்தோம் என்று எனக்குத் தெரியும் என்பதால், கராச்சியில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. அன்றிரவே மூன்றாவது மாடியின் பின்பக்கக் கதவுப் பூட்டை உடைத்தெறியச் சொன்னேன். திருட்டுக்குப் பயந்து போட்ட பூட்டு அது; சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடவே இருபது நிமிடம் ஆனது.

ராணா பிளாசாவுக்குப் பிறகு வங்கதேசத்தில் வந்த ஒப்பந்தத்தை நான் கவனமாகப் படித்தேன். அதற்கு முன் வந்தவற்றிலிருந்து அது எங்கே மாறுபட்டது என்பதை நம் தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பிராண்டுகள் தாங்களாகவே எழுதிக்கொண்ட நன்னடத்தைக் குறிப்பாக அது இல்லை. உலகளாவிய தொழிற்சங்கங்களோடு கையெழுத்திட்டு, மீறினால் சட்டப்படி கேள்வி கேட்கக்கூடிய உடன்படிக்கையாக இருந்தது. கட்டட ஆய்வறிக்கைகள் தொழிற்சாலைப் பெயருடன் வெளியிடப்பட்டன. பழுதுபார்க்கும் செலவைத் தாங்கும்படியான வணிக நிபந்தனைகளைத் தரும் பொறுப்பு வாங்குபவர்மேலும் சுமத்தப்பட்டது. அது கட்டடத்தையும் தீயையும் பற்றி மட்டும் பேசியது, கூலியைத் தொடவில்லை. இருந்தாலும் வாங்குபவரின் கையெழுத்தும் ஒரே தாளில் இருந்தது பெரிய மாற்றம். எங்களுக்கு வந்த நடத்தை விதிகள் எல்லாவற்றிலும் கையெழுத்துக்குரிய இடம் ஒன்றுதான், அது எங்களுக்கு.

இந்த விவகாரம் வெளியே எப்படிப் பார்க்கப்படுகிறது என்பதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. விபத்து நடந்த மாதத்தில் நாங்கள் எல்லோரும் கொடூரர்கள். அடுத்த மாதம் சிரித்த முகத்தோடு தையல் மெஷின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணின் படம் விளம்பரத்தில் வரும். அப்போது அந்தப் பெண் யாரோ கைகொடுத்துத் தூக்கிவிட்ட ஏழை. பிப்ரவரி 17 அன்று பேக்கிங் பெண்கள் டேக் கன் என்ற கருவியால் ஆடைகளில் மாட்டிக்கொண்டிருந்த அட்டைகளில், 'அக்கறையோடு தயாரிக்கப்பட்டது' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துச் சொல்லும்படி ஒரு பெண் கேட்டாள். சொன்னேன். "யாருக்குங்கா அக்கறை?" என்று கேட்டுவிட்டு அடுத்த பீஸை எடுத்தாள். உள்ளூர்ப் பார்வையும் இதற்குச் சளைத்ததல்ல. வெள்ளைக்காரன் தன் ஊர்ச் சந்தையைக் காப்பாற்றிக்கொள்ள நம்மேல் பழி போடுகிறான் என்று முதலாளிமார் கூட்டங்களில் பேசுவார்கள். தணிக்கை செய்ய வந்த பத்துப் பேரில் ஒன்பது பேர் நம்மூர்க்காரர்கள் என்பதும், பூட்டிய கதவு நம்முடையது என்பதும் அந்தப் பேச்சில் வராது.

நல்ல எண்ணமே கெடுதல் செய்ததையும் கண்ணால் பார்த்தேன். 2015-இல் ஒரு ஆர்டரில் கைக்குழந்தைச் சட்டைகளின் கழுத்தில் சின்ன ரிப்பன் பூ வைத்துக் கையால் தைக்க வேண்டியிருந்தது. எங்கள் கம்பெனியிலிருந்து கட்டுக் கட்டாக டி.வி.எஸ். 50-யில் ஏற்றி, அவிநாசிப் பக்கத்துக் கிராமங்களில் முப்பது பெண்களின் வீடுகளுக்கு அனுப்புவோம். என் அம்மாவும் என் பள்ளிக்காலம் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்து பிசிறு வெட்டியவர்தான். ஊசிப் பாடம் புதிதாகக் கற்ற உற்சாகத்தில், வீட்டு வேலை நடக்கிறது என்று அந்தப் பையருக்கு நானே வெளிப்படையாக எழுதினேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது: வீட்டு வேலை அனுமதிக்கப்படவில்லை, உடனே நிறுத்துங்கள். நிறுத்தினோம். பூ வைக்கும் வேலை கம்பெனிக்குள் வந்தது. மாமியாரையோ கைக்குழந்தையையோ விட்டுவிட்டு வர முடியாத அந்த முப்பது பேரில் இரண்டு பேர்தான் உள்ளே வேலைக்கு வந்தார்கள். பையரின் அறிக்கையில் அந்த வரிக்கு எதிரே 'சரிசெய்யப்பட்டது' என்று பதிவானது. அவர்களில் ஒரு அக்கா பேருந்து நிலையத்தில் என்னைப் பார்த்து, "நாங்க என்ன தப்புப் பண்ணுனோம் சாமி? எங்களையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாமல்லொ" என்றார். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் அதிகம் பேசவில்லை. "லெட்டர் எழுதறதுக்கு முன்னால நீயாச்சும் போய்க் கேட்டிருக்கலாம்" என்றார், அவ்வளவுதான்.

2017-இல் வேறு கம்பெனிக்கு மாறிய பிறகு அதையே வேறு விதமாகச் செய்தோம். பையரிடம் சொல்வதற்கு முன்பே வீட்டுவேலைப் பெண்களின் பெயர்ப் பட்டியலைத் தயார் செய்து, ஆளுக்கொரு சிறு பாஸ்புத்தகம் கொடுத்து, வாங்கிய கட்டு, கொடுத்த கட்டு, பெற்ற கூலி மூன்றையும் ஏஜென்ட் அவர்கள் முன்னாலேயே எழுத வேண்டும் என்று வைத்தோம். கூலி நிர்ணயத்துக்கு ஐந்து பெண்களை ஒரு மணி நேரம் வேலை செய்யச் சொல்லி எண்ணினோம். ஏஜென்ட் மிக வேகமான கையை அளவாக வைக்கச் சொன்னார். நாங்கள் நடுவில் இருந்தவரின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரச் சம்பாத்தியம் குறைந்தபட்சக் கூலியை எட்டும்படி பீஸ் ரேட்டைப் போட்டோம். அதன்பின் பையரிடம் போனோம். தடை செய்தால் இத்தனை குடும்பத்துக்கு இவ்வளவு வருமானம் போகும் என்று அந்தப் பாஸ்புத்தகங்களையே காட்டியபோது அவர்களால் நிறுத்தச் சொல்ல முடியவில்லை. எல்லாப் பையரும் இதற்கு இணங்குவார்கள் என்று சொல்லமாட்டேன். நாங்கள் கேட்ட மூன்று பேரில் அந்த ஒருவர்தான் இணங்கினார்.

தொழிலாளிகளிடம் பேசும் முறையிலும் நான் கற்றது உண்டு. ஆடிட்டர் பேச வேண்டியவர்களின் பட்டியலை நிர்வாகம் கொடுக்கக் கூடாது. பஞ்சிங் மெஷினிலிருந்து அவரே எடுக்க வேண்டும். மீட்டிங் அறையில் கேட்கும் கேள்விக்கு மீட்டிங் அறைப் பதில்தான் வரும். ஒரு ஒடிசாப் பெண்ணிடம் தமிழிலும் இந்தியிலும் கேட்டுவிட்டு, 'எந்தப் புகாரும் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இரண்டு மொழியிலும் தெரிந்தது 'சரி' என்ற சொல் மட்டுமே. வடமாநிலத்திலிருந்து வந்தவர்களிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், இங்கே வருவதற்கு யாரிடம் எவ்வளவு கொடுத்தீர்கள், ஆதார் அட்டை யாரிடம் இருக்கிறது, ஹாஸ்டலை விட்டு ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கடைக்குப் போக முடியுமா என்று கேட்டுவிட்டால் மிச்சமெல்லாம் தானாக வரும். புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பழைய கம்பெனியில் அது மேலாளர் அறை வாசலில், கேமராவுக்கு நேர்கீழே இருந்தது. ஐந்து ஆண்டுகளில் அதில் விழுந்தவை இரண்டு மிட்டாய்த் தாள்கள்.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார், அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அந்தச் செய்தியைப் படித்த அன்று பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க வேண்டிய எங்கள் கம்பெனியின் உள்ளகப் புகார்க் குழுப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். சட்டப்படி எல்லாம் இருந்தது. குழுவில் இருந்த தொழிலாளிப் பெண்ணிடம் கேட்டால் தான் உறுப்பினர் என்பதே அவருக்குத் தெரியாது. 2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் இந்த இடத்தைத்தான் தொட்டது. தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் உள்ளூர்த் தொழிற்சங்கம் ஒன்றும், அந்த நிறுவனமும், ஆசிய, அமெரிக்கத் தொழிலாளர் அமைப்புகளும், எச்&எம், கேப், பி.வி.எச். ஆகிய வாங்குபவர்களும் அதில் கட்டுப்பட்டார்கள். தையல் லைனில் வேலை செய்யும் பெண்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தொல்லை நடக்கும்போது அங்கேயே கவனித்துத் தடுப்பவர்களாக வைத்தார்கள். அதே 2022-இல் அந்தத் தொழிற்சாலையின் சரக்குக்கு அமெரிக்கச் சுங்கத்துறை விதித்த தடை சில வாரங்களில் விலக்கப்பட்டதில் இந்த ஏற்பாட்டுக்குப் பங்கு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் விருந்தாளியைவிட, தினமும் அதே லைனில் உட்காரும் பெண்ணுக்கு அதிகம் தெரியும். இது தெரிவதற்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

கொரோனாவைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். 2020 மார்ச்சில், தைத்து முடித்துப் பெட்டி கட்டிய சரக்கையே வேண்டாம் என்று ஒரே வரி மின்னஞ்சலில் சொன்ன பையர், அதே ஆண்டு ஜூலையில் தொழிலாளர் நலன் குறித்த கேள்வித்தாளை அனுப்பினார். ஆர்டர் ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் நிபந்தனையை முதலில் படியுங்கள். துணி வெட்டிய பிறகு ரத்து செய்தால் கூலியாவது கிடைக்க வேண்டும் என்ற வரி இல்லையென்றால், நடத்தை விதியில் எவ்வளவு நல்ல வார்த்தை இருந்தும் பயனில்லை.

இப்போது சட்டங்கள் வந்திருக்கின்றன. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023-இல் குறைந்தது 3,000 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், அடுத்த ஆண்டே 1,000 பேர் உள்ளவற்றுக்கும் அமலானது. கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி சீனாவின் ஷின்ஜியாங் பகுதிப் பருத்தியை அமெரிக்கா 2021-லிருந்து தடுப்பதால் பஞ்சு எந்த நாட்டில் விளைந்தது என்பதுவரை நாங்கள் ஆதாரம் தர வேண்டியிருக்கிறது. நூற்பாலைக்குள் யாரும் எட்டிப் பார்க்காத காலத்தில்தான், மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருகிறோம் என்று சொல்லி இளம்பெண்களை ஹாஸ்டலுக்குள் வைத்திருந்த சுமங்கலித் திட்டம் இங்கே செழித்தது. எனவே நூல்வரை கேள்வி போவதை நான் வரவேற்கிறேன். ஆனால் எங்களுக்கு வந்து சேர்வது சட்டத்தின் உள்ளடக்கம் அல்ல, 140 கேள்விகள் கொண்ட படிவமும், ஏதாவது தவறு நடந்தால் முழுப் பொறுப்பும் உங்களுடையது என்ற உறுதிமொழியும்தான். அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போடுவதற்கு முன், 'இந்த விலைக்கும் இந்தக் கால அவகாசத்துக்கும் உட்பட்டு' என்ற சொற்களைச் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். நான் நான்கு முறை அனுப்பினேன். இரண்டு முறை அழிக்கச் சொன்னார்கள், ஒருமுறை பதிலே வரவில்லை, ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். அந்த ஒரு பேச்சில் எட்டு நாள் கிடைத்தது.

போன பிப்ரவரியில் வந்த ஆடிட்டர் சின்னப் பையன். மடிக்கணினியில் படிவத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். ஊசிப் பதிவேட்டைக் கேட்கவில்லை. நானே எடுத்து மேசைமேல் வைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊசி உடைந்திருந்தது. பஞ்சிங் பதிவிலும் அந்த நாட்கள் இருந்தன, மாற்று விடுமுறை அறிவிப்பும் இருந்தது, இரட்டைக் கூலி கொடுத்த கணக்கும் இருந்தது. ஒரு வாரத்தில் மொத்த வேலை நேரம் 63 மணி, பையரின் வரம்பு 60. விதிமீறல் என்று அவர் எழுதினார், சரி என்று கையெழுத்துப் போட்டேன். பிறகு தாமத நோட்டைத் திறந்து, அந்த ஆர்டரில் நிறத்துக்கான ஒப்புதல் ஒன்பது நாள் தாமதமாக வந்ததற்குரிய மின்னஞ்சல் பிரதியை நீட்டினேன். வாங்கிப் படித்தார். படிவத்தை மேலும் கீழும் இரண்டு முறை நகர்த்திப் பார்த்துவிட்டு, "இத எங்க எழுதறதுன்னு தெரியலைங்க மேடம், இதுக்குன்னு ஒரு கட்டமே இல்லை" என்றார். அச்செடுத்த அறிக்கையின் பின்பக்கத்தில் நானே அந்தப் பிரதியை ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தேன்.